தியாகி வீட்டுப் பிள்ளை

1

கிள்ளான் பதிவு அலுவலகத்தில் ஒரு புதன்கிழமை காலை, நான் செத்துப்போய்விட்டதாக என்னிடமே சொன்னார்கள். சொன்னவர் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க். குடியுரிமைக்காக நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தையும் தன் முன்னால் இருந்த தடித்த கோப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீர் சயாமிலை செத்தல்லோ போனீர்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். புண் கட்டுவதும் மருந்து ஊற்றிக் கொடுப்பதும் என் பிழைப்பு. ஒருவன் செத்தானா இருக்கிறானா என்று சொல்ல இந்தக் கிளார்க் எனக்குத் தேவையில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. கோப்பை என் பக்கம் திருப்பினார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோய், அங்கேயே செத்தவர்களின் பட்டியல் அது. அதில் துரைசாமி என்ற என் பெயரும், என் தகப்பன் பெயரும், எங்கள் தோட்டத்தின் பெயரும் தப்பில்லாமல் இருந்தன. மலாயாவில் துரைசாமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து வருகிற துரைசாமி நான் ஒருவன்தான்.

"பிழையா எழுதிப்போட்டாங்கள் போலை. தகப்பனார் இருக்கிறாரோ?"

"இந்தியாவில் இருக்கிறார்."

"அப்ப அவரிட்டை ஒரு சத்தியக் கடதாசி வாங்கி வாரும். இவன் என்ரை மகன், உயிரோடை இருக்கிறான் எண்டு. அது இல்லாமல் ஒண்டும் செய்ய ஏலாது."

வீட்டில் வந்து சொன்னபோது என் ஒன்பது வயது மகள் லலிதா கைதட்டிக் குதித்தாள். "அப்பா மாத்தி! அப்பா மாத்தி!" என்று வாசலில் நின்ற மலாய்ப் பிள்ளைகளிடம் ஓடினாள். மாத்தி என்றால் அவர்கள் பேச்சில் செத்துப்போனது. கான்வென்ட்டில் இங்கிலீஷ், தெருவில் மலாய், எங்களைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ் என்று வளர்கிற பெண். என் மனைவி அவளை இழுத்து வந்து முதுகில் ஒன்று வைத்தாள்.  பயந்து போயிருந்தேன் என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

2

இதைப் படிக்கிறவர்களில் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்காரர் யாராவது இருந்தால் என் நைனாவை அறிந்திருப்பீர்கள். 'மலேயா தியாகி' என்று சொன்னால் ஸ்டேஷன் ஜட்கா வண்டிக்காரனே வீடு காட்டுவான். சுதந்திர தினத்தன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுகிறவர் அவர்தான். வெள்ளைக்காரன் அவரை மலாயாவில் பிடித்துச் சிறையில் போட்டான், அதனால் அவர் தியாகி. ஊரார் கணக்கு அவ்வளவுதான். நேதாஜி படையில் இருந்தாரோ, வெடிகுண்டு வீசினாரோ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நைனா எதையும் ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

அவர் கங்காணி. சண்டைக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கிள்ளான் தோட்டத்துக்குக் கொண்டுபோனவர். விடிகாலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் 'பெரட்டு' என்று பெயர். நைனா கூப்பிட, அவனவன் "வந்தேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். வெற்றிலை வாங்கிக் கொடுப்பார், கல்யாணம் பேசி முடிப்பார், ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பார், பெரட்டுக்கு வராதவனை அடிப்பார். நம் ஊர்க்காரர் என்று அதையும் வாங்கிக்கொள்வார்கள்.

ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் கேட்டபோது அந்த ஆட்களைத்தான் கொடுத்தார். தானும் மேஸ்திரியாகப் போனார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஆஸ்பத்திரியில் எடுபிடி. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்று விட்டுவிட்டார்கள் என நினைத்திருந்தேன்.

அங்கே நடந்ததைச் சொன்னவர் கோவிந்தன். நைனா கொண்டுபோன எங்கள் ஊர் ஆட்களில் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். கால் புண்ணுக்குக் கட்டுப்போட என்னிடம் வருவார். "சீக்குக் கொட்டாய்ல படுத்துக்கினு இருக்கறவனயெல்லாம் மூங்கிக் கழியால அடிச்சி எழுப்புவாரு ஒங்க நைனா. அடி தாங்காம அங்கயே போனவனும் உண்டு. ஜப்பான்காரன் அடி கூட பரவால்லப்பா. இவரு பேரச் சொல்லி அடிப்பாரு" என்றார். சொல்லிவிட்டு அதே காலை என் மடியில் நீட்டினார். நான் கட்டுப் போட்டேன். வேறு என்ன செய்வது?

சண்டை முடிந்ததும் பட்டாளக் கோர்ட்டில் நைனாவை நிறுத்தினார்கள். கோவிந்தனும் சாட்சி சொன்னார். அடித்துக் கொன்ற குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்துவிட்டு நைனா நேரே ஊருக்குக் கப்பலேறினார். கிள்ளானில் அந்தத் தீர்ப்பை அறியாத தமிழன் கிடையாது. என் கையால் மருந்து வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று சொன்ன கிழவிகள் இரண்டு பேர் இன்றும் எங்கள் லயத்து வீடுகளில் இருக்கிறார்கள். கிள்ளானில் கொலைகாரன் மகன், ஊரில் தியாகி மகன். கப்பலில் ஏழு நாள் போனால் மரியாதை மாறிவிடுகிறது.

3

லலிதாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மை குத்திய சீட்டு, பிரயாணச் சீட்டு, சுங்கச் சாவடியில் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டுவது என்று வழக்கமான சங்கடங்கள் எல்லாம் உண்டு. கவரைப்பேட்டையில் இறங்கி வண்டி பிடித்தோம். ஆடிக் காற்று ஓயவில்லை, சவுக்குத் தோப்பு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. லலிதா தாத்தாவுக்குக் கைகொடுத்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "நாஷ்டா துன்னியான்னு கேக்குது கொயந்த" என்று நைனாவே அவர்களுக்கு விளக்கம் சொன்னார்.

நான்காம் நாள் கொடி ஏற்றம். தலைமை ஆசிரியர் நைனாவுக்குக் கதர் மாலை போட்டார். லலிதா முதல் வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் 'என் தாத்தா' என்று கட்டுரை எழுதப் போவதாக என்னிடம் இங்கிலீஷில் சொன்னாள். கிள்ளானில் அதை அவள் வாசித்தால் வகுப்பில் எத்தனை பேரின் தாத்தாக்கள் சயாமில் செத்திருப்பார்கள் என்று நினைத்தேன். 

அன்று மத்தியானம் முனியம்மா வந்தாள். நைனா கூட்டிப்போன எல்லப்பனின் மனைவி. எல்லப்பன் என்னைவிட மூன்று வயது மூத்தவன், தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. எனக்குச் சட்டை தைக்கிற அளவையே அவனுக்கும் கொடுப்பார் நைனா. அவன் கப்பலேறியபோது மகள் அஞ்சலை தொட்டிலில். முனியம்மா நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. மடியிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"தம்பி, இத நீ ஒருவாட்டி படிச்சி சொல்லு. அஞ்சல பட்சிட்டா. அஞ்சாவது வரிக்கும் பட்சவதான், இருந்தாலும் சர்க்கார் கடுதாசியாச்சே."

அவள் விசாரித்து எழுதியதற்கு வந்த பதில் அது. சயாமில் இறந்தவர்களின் பட்டியலில் அவள் கணவன் பெயர் இல்லை என்று இருந்தது. படித்துச் சொன்னேன்.

"அதான தம்பி. சர்க்காரே இல்லன்னுது. எங்கனா கீறாருன்னு இத்தினி வருசமா இருந்துட்டேன். இப்ப அஞ்சலைக்கு ஊத்துக்கோட்டைல மாப்பள பாத்துக்கீறோம். பொண்ணு அப்பன் இருக்கானா செத்தானான்னு கேக்கறாங்க. இன்னான்னு சொல்றது? பன்னண்டு வருசம் ஆயிடுச்சி, காரியம் பண்ணிட்லாம்ன்றாங்க பங்காளிங்க. உசுரோட கீறவருக்குக் காரியம் பண்ணிட்டா அந்தப் பாவம் யார விடும்? பெரியவர கேட்டா, 'எனக்குத் தெர்லம்மா'ன்றாரு. நீயாவது கேட்டு சொல்லு."

சரி என்றேன். கோவிந்தன் எல்லப்பனைக் கடைசியாகச் சீக்குக் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அப்புறம் யாரும் பார்க்கவில்லை. இந்தப் பெண்ணை இத்தனை வருஷம் ஏமாற்றி வைத்திருக்கிறாரே என்று நைனாமேல் பொங்கிக்கொண்டு வந்தது. இன்றைக்கு விடுவதில்லை என்று எழுந்தேன்.

4

அவர் கொல்லையில் கத்தரிச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் நின்று கேட்டேன்.

"எல்லப்பன் செத்தது உங்களுக்குத் தெரியும். ஏன் முனியம்மா அக்காகிட்ட சொல்லாம மறைக்கிறீங்க?"

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"இன்னாத்த சொல்றது? செத்தான்னு சொன்னா, எப்டின்னு கேப்பா. எப்டின்னு சொன்னா, எதுக்கு அவனப் போயின்னு கேப்பா."

"எதுக்கு அவனை?"

"நீ எதுக்கு வந்தே? அந்தப் பட்டியல்ல ஒம் பேரு கீதுன்னுதான? யாரோ தப்பா எழுதிட்டாங்கன்னு நெனச்சிக்கினியா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆள் கேட்டு வந்த ஜப்பான்காரன் ஒரே பேச்சா சொல்லிட்டான். கங்காணிங்க மொதல்ல சொந்தப் புள்ளய அனுப்பணும், இல்லன்னா கங்காணி தல இருக்காதுன்னான். எல்லப்பன் ஒன் ஒசரம். ஒன் சட்டயப் போட்டு இட்டுக்கினு போயி, இவந்தான் எம் மவன் தொரசாமின்னேன். அங்க போயி பெரட்டுலயும் அப்டித்தான் கூப்புட்டேன். தொரசாமின்னா, வந்தேன்னுவான்."

நான் வரப்பின் மறுபக்கம் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெரட்டில் நின்ற கோவிந்தனும் இதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"நான் இட்டாந்த ஆளுடா அவன். எம் பேச்ச எப்ப தட்டிக்கீறான்? 'தம்பி ஆஸ்பத்திரி வேல கத்துக்கறான், இருக்கட்டும் பெரியவரே'ன்னான்." கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்தார். "காய்ச்சல்ல கெடந்தான். பெரட்டுல ஆள் கொறஞ்சா அன்னிக்கி எனக்கு அடி. கழியால போட்டேன். எந்திரிச்சி வந்தான். மத்தியானம் மண்ணு கூடயோட வியுந்தான். தண்ணி கேட்டான். அந்தப் பக்கம் காவக்காரன் நின்னுக்கினு இருந்தான். நான் குடுக்கல."

நான் அவரை அடித்திருப்பேன் என்று எழுத ஆசைதான். அடிக்கவில்லை. நைனா மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தார்.

"எனக்கும் வயசாயிடுச்சி. ஊருக்கு வந்த நாளா தெனம் அந்தப் பொண்ணு பொட்டு வெச்சிக்கினு எதிர்ல போவுது. நீ சொல்லு, வர்ற சனங்க மின்னாடி எல்லாத்தயும் ஒட்ச்சி சொல்லிட்றேன். சொல்லட்டா?"

கேள்வி கேட்க வந்தவன் நான். பதில் சொல்ல வேண்டியவனாகிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னால் அதில் என் சட்டையும் வரும், என் பெயரும் வரும். இந்த ஊரில் லலிதாவை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? கிள்ளானில் என் படிவம் என்ன ஆகும்? எல்லாம் ஒரே நொடியில் மனதில் ஓடியது. எல்லப்பன் மட்டும் அந்த ஓட்டத்தில் எங்கேயும் இல்லை.

"வேணாம் நைனா. காய்ச்சல்ல செத்தான்னு மட்டும் சொல்லுங்க."

"சரி" என்றார். அவர் முகத்தில் நிம்மதி இல்லை. என்னைவிட ஒருபடி மேலே இருக்கிறவர் பார்ப்பது போலப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மன்னிக்கவே மாட்டேன். ஆனால் அதில் தப்பும் சொல்ல முடியவில்லை.

5

உடல் கிடைக்காதவனுக்குக் காரியம் செய்ய எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஆள் உயரத்துக்கு வைக்கோலில் உருவம் கட்டி, புது வேட்டி போர்த்தி, ஆற்றங்கரையில் கொளுத்துவார்கள். அதற்கு முன் அவனைக் கடைசியாகப் பார்த்தவர் பக்கத்தில் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராது என்று தெரிந்தும் எல்லோரும் ஒரு நிமிஷம் காது கொடுத்து நிற்பார்கள். அப்புறம்தான் தீ.

ஆரணி ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். ஊரே வந்திருந்தது. எல்லப்பன் காய்ச்சலில் இறந்ததாகவும், தான் பக்கத்தில் இருந்ததாகவும், இத்தனை நாள் அதைச் சொல்ல மனம் வரவில்லை என்றும் நைனா சொன்னார். தியாகி சொன்னதை ஒருவரும் சந்தேகப்படவில்லை. வைக்கோல் உருவத்தின் தலைமாட்டில் அவரை நிறுத்தினார்கள். அவர் நிமிர்ந்து, மார்பை விரித்து, பெரட்டுக் குரலில் கூப்பிட்டார்.

"தொரசாமி!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேண்டுமென்று செய்தாரா, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா, இன்று வரை எனக்குத் தெரியாது. அந்த ஆளை அவர் அந்தப் பேரில்தானே கூப்பிட்டு வந்திருக்கிறார். நான் "வந்தேன் நைனா" என்று சொல்லிக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நிக்க முடியல போல, அதான் என்னக் கூப்புட்றாரு" என்று பக்கத்திலிருந்த பங்காளியிடம் சொன்னேன். பாவம், வயசாயிடுச்சி என்றார் அவர். நான் நைனாவின் காதில், "எல்லப்பான்னு கூப்பிடுங்க" என்றேன். மூன்று முறை கூப்பிட்டார்.  எல்லோரும் காது கொடுத்தார்கள். பங்காளி தீ வைத்தார்.

முனியம்மாவின் பொட்டை அழித்து, கயிற்றை அறுத்து, தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரப் புடவையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, பெரியவரு ஒங்கிட்ட எல்லாம் சொல்லியிருப்பாரு. கடசில ஒரு வாய் தண்ணி யாருனா குடுத்தாங்களா அவருக்கு? அது ஒண்ணுதான் எனக்குப் பேஜாரா கீது."

இதை எதிர்பார்க்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னால் போதும் என்றுதான் தயாராக வந்திருந்தேன்.

"நைனாதான் குடுத்தாராம் அக்கா" என்றேன்.

அவள் ஓவென்று அழுதாள். அப்படியே போய் நைனாவின் காலில் விழுந்தாள். "எங்க ஊட்டு சாமி நீங்கதான் பெரியவரே" என்றாள். நைனா என்னைப் பார்த்தார். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

6

பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் சத்தியக் கடுதாசி எழுதினோம். இவன் என் மகன் துரைசாமி, உயிரோடு இருக்கிறான், இவன் சயாமுக்குப் போகவே இல்லை, பட்டியலில் இருப்பது தவறு. நைனா கையெழுத்துப் போட்டார். நான்கும் உண்மைதான். அதை எடுத்துக்கொண்டு கப்பலேறினேன். யாழ்ப்பாணத்துக் கிளார்க் படித்துப் பார்த்து, "நல்லது தம்பி, உயிர்த்தெழுந்திட்டீர்" என்று சொல்லி, பட்டியலில் என் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு போட்டார்.

அந்தக் கோட்டை நான் நின்று பார்த்தேன். என் பெயருக்குள் ஒளிந்துகொண்டாவது எல்லப்பன் செத்தவர்களில் ஒருவனாக இருந்தான். இப்போது அதிலும் இல்லை. எந்தக் காகிதத்திலும் அவன் சாகவில்லை. "இந்த இடத்தில் வேறு ஒருவர் பெயரை எழுத வேண்டும்" என்று சொல்ல வாய் திறந்திருந்தால் போதும். அடுத்த ஆள் முழங்கையால் இடித்தான், நான் நகர்ந்துவிட்டேன்.

எனக்குக் குடியுரிமை வந்துவிட்டது. லலிதா கட்டுரை எழுதினாள். அவள் எழுதிய தாத்தா கொடி ஏற்றுகிறார், கத்தரிக்காய் வளர்க்கிறார், எல்லோரும் அவர் காலில் விழுகிறார்கள். வகுப்பில் வாசித்துவிட்டு வந்தவள், ஒரு பெண் தன்னோடு இனிமேல் பேசமாட்டாளாம் என்று அழுதாள். ஏன் என்று என்னிடம் கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன். அவளிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது, என் நைனா முனியம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை.

போன மாதம் பங்காளி எழுதிய கடுதாசி வந்தது. நைனாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. படுக்கையில் கிடக்கிறார். 'நீ கவலைப்படாதே, முனியம்மா காலையும் சாயங்காலமும் வந்து கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்துவிட்டுப் போகிறாள். என் புருஷனுக்குத் தண்ணி கொடுத்த கை என்று சொல்லிக்கொண்டே செய்கிறாள்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து என்னால் ஆஸ்பத்திரியில் யாருக்கும் மருந்து ஊட்ட முடியவில்லை. 

நேரில் போய்ச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நேரில் நின்றால் மறுபடி பொய் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் அச்சில் சொல்கிறேன். என் பெயரையும் ஊர்ப் பெயரையும் மாற்ற வேண்டாம் என்று பத்திரிகைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லலிதாவுக்கு இதை நானே படித்துக் காட்டிவிட்டேன். பாதியில் எழுந்து போய்விட்டாள்.

இந்தப் பத்திரிகை ஊத்துக்கோட்டை வரைக்கும் வருகிறது. அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிற அஞ்சலைக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

அஞ்சலை, உன் அப்பா என் இடத்துக்குப் போய், என் பெயரில் செத்தார். காய்ச்சலில் கிடந்தவரை என் நைனா அடித்து எழுப்பினார். உன் அப்பா தண்ணீர் கேட்டார். நைனா கொடுக்கவில்லை. கொடுத்தார் என்று சொன்னவன் நான். இதை உன் அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. அதற்கப்புறம் அவள் கஞ்சி கொண்டுபோவதும் போகாததும் அவள் இஷ்டம். அவள் போகவில்லையென்றால் வேறு யாரையும் அனுப்பச் சொல்லி நான் எழுதமாட்டேன்.